கணக்கில் சேராத ஆட்டம்

"தொப்பியைத் தலையில வெக்கக் கூடாதுடா, கைக்குக் கீழ வெக்கணும்" என்று சொல்லிக்கொண்டே மெல் சவப்பெட்டிக்குள் குனிந்தான். ரூடி அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தான்.

"கைக்குக் கீழ வெச்சா யார் கண்ணுலயும் படாது. நெஞ்சு மேல வை."

"ஃபாதர் பாத்தா கத்துவாரு."

"அவரா? பூசையை அரக்கப் பரக்க முடிச்சிட்டு ஆட்டம் பாக்க ஓடற மனுஷன். ஒண்ணும் சொல்ல மாட்டாரு, வை."

நார்பர்ட் அவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். பெட்டிக்குள் கிடந்தது அவனுடைய அண்ணன் காஸ். சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் உயிரோடு இருந்தவன், அதுவும் நார்பர்ட்டின் வீட்டில், நார்பர்ட்டுக்குப் பக்கத்து நாற்காலியில். இப்போது கறுப்புக் கோட்டும் சாம்பல் நிற டையுமாக, இறந்தவர்களை அலங்கரித்து வைக்கிற இந்த ஈமக்கூடத்துக்காரர்கள் பூசிவிட்ட ரோஜா நிற உதட்டோடு, யாரோ பேங்க் மேனேஜர் மாதிரிப் படுத்திருந்தான். டீம் சட்டையைத்தான் போட்டு அனுப்ப வேண்டும் என்று மெல்லும் ரூடியும் மன்றாடிப் பார்த்தார்கள். அண்ணி லொரேன் முடியவே முடியாது என்றுவிட்டாள். கடைசியில் டீம் காலுறை மட்டும் போடலாம் என்று சமரசம் ஆயிற்று. பெட்டியின் கீழ்ப்பாதி மூடியிருந்ததால் அது யாருக்கும் தெரியாது. ஆண்டவனுக்குத் தெரியும், அது போதும் என்று ரூடி மனதைத் தேற்றிக்கொண்டான்.

தொப்பி நெஞ்சின் மேல் உட்கார்ந்ததும் மெல் நிமிர்ந்து பெருமூச்சு விட்டான். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய தடித்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பதினாலு" என்றான். "எனக்கு இன்னும் நம்ப முடியலடா நார்பி. காஸ் வாயால பதினாலா!"

நார்பர்ட் தரையில் விரித்திருந்த பச்சைக் கம்பளத்தையே பார்த்தான்.

பஃபலோக்காரனுக்கு ஆகஸ்ட் வந்துவிட்டால் ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் டீமைத் தவிர வேறு பேச்சு ஓடாது. சலூனிலும் சர்ச் வாசலிலும் பல் டாக்டர் வீட்டு நாற்காலியிலும் ஒரே பேச்சுதான். இந்த வருஷம் எத்தனை ஜெயிப்போம்? இவர்கள் நாலு பேரும் அதை ஒரு சடங்காகவே ஆக்கி வைத்திருந்தார்கள். சீசன் தொடங்குவதற்கு முன்னால், கணக்கில் சேராத பயிற்சி ஆட்டங்கள் சில நடக்கும். அதில் முதல் ஆட்டத்தன்று நார்பர்ட் வீட்டு நிலவறையில் கூடுவார்கள். பின்கட்டில் சாஸேஜ் வெந்துகொண்டிருக்கும். வரப்போகும் பதினேழு ஆட்டங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, எதிராளி யார், அவன் யாரை வாங்கினான், யாரை விற்றான், யாருடைய முட்டி போய்விட்டது என்று வாய்கிழியப் பேசிவிட்டு, ஒவ்வொருவனும் தன் எண்ணைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் எவனும் நாற்காலியை விட்டு எழுந்து வீட்டுக்குப் போகக் கூடாது. அது சட்டம். சட்டம் போட்டவன் நார்பர்ட்.

காஸ் எப்போதும் ஏழுதான். டீம் பதின்மூன்று ஜெயித்த வருஷத்துக்கு அடுத்த வருஷமும் ஏழு. நாலு வருஷம் வரிசையாக இறுதி ஆட்டத்துக்குப் போய், நாலிலும் தோற்றதை அவன் கண்ணால் பார்த்தவன். அதற்கப்புறம் அவன் வாயிலிருந்து ஏழுக்கு மேல் ஓர் எண் வந்ததில்லை. மற்றவர்கள் திட்டினால், "நம்பி அடிபடறதுக்கு வேற ஆளைப் பாரு" என்பான்.

அப்பேர்ப்பட்டவன் பதினாலு சொல்லிவிட்டுச் செத்தான் என்றால் ஊர் சும்மா இருக்குமா? நேற்று சாயங்காலம் உடலைப் பார்வைக்கு வைத்திருந்தபோது வந்தவர்கள் எல்லாம் லொரேனிடம் இரண்டு வார்த்தை துக்கம் சொல்லிவிட்டு, நேராக மெல்லிடம் போய், "நிஜமாவா? பதினாலா?" என்று கேட்டார்கள். சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிற அம்மாள்கூடக் கேட்டாள்.

"சரி, மூணு தோக்கணும்" என்றான் ரூடி. தபால் இலாகாவில் இருந்தவன், எதையும் பிரித்து அடுக்கினால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். "எந்த மூணு? கேன்சஸ் சிட்டிக்குப் போய் ஆடறோம், அது ஒண்ணு."

"ஏன் அங்க தோக்கணும்?" என்றான் மெல்.

"ஏன்னா எப்பவும் அங்க தோக்கறோம்!"

"காஸ் அப்படி நெனச்சிருக்க மாட்டான். மயாமில போய் வெயில்ல சுருண்டு விழுவோமே, அதைச் சொல்லியிருப்பான். நம்ம டீம்ல இடது பக்கக் காவலுக்குப் புதுசா எடுத்திருக்காங்களே ஒரு பையன், மலை மாதிரி இருக்கான், ஆனா காலு நகர மாட்டேங்குது. செப்டம்பர் வெயில்ல அவன் உருகிடுவான்."

"மயாமிக்கே ஆள் இல்லடா. அவனுங்க பந்து எறியறவன் தும்மினாலே தோள் எறங்கிடுது."

"நியூ இங்கிலாந்து?"

"பேசாத. ஒரு சாவு வீட்டுல, இருபது வருஷமா நம்மள மிதிச்சவனுங்க பேரைச் சொல்லாத."

தங்களை அறியாமல் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டியின் விளிம்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு மெல் நார்பர்ட்டின் பக்கம் திரும்பினான். "நீதானேடா பக்கத்துல இருந்த. சொல்லு, எந்த மூணுன்னு சொன்னானா?"

"சொல்லல" என்றான் நார்பர்ட்.

"வெறும் பதினாலுன்னு மட்டும் சொன்னானா? எப்படிச் சொன்னான்? சிரிச்சுக்கிட்டா?"

"சும்மா சொன்னான், மெல். விடேன்."

மெல் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தான். "பூசை முடிஞ்சு சாப்பாட்டுக்கு எல்லாரும் ஹாலுக்கு வருவாங்க. அப்ப நீ எழுந்து ரெண்டு வார்த்தை சொல்லணும். அவன் கடைசியா என்ன சொன்னான்னு உன் வாயால எல்லாரும் கேக்கட்டும். கடைசி நேரத்துல மனுஷனுக்கு நம்பிக்கை வந்துச்சு பாரு. அதுக்கு மேல என்ன வேணும்?"

நம்பிக்கையாம்.

சனிக்கிழமை அன்றைக்கு மெல்லும் ரூடியும் பின்கட்டில் சாஸேஜைக் கருக்கிவிட்டு, அது யார் தப்பு என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நிலவறையில் அண்ணனும் தம்பியும் மட்டும். ஆட்டம் கடைசிக் கால் பாகத்தில் இருந்தது. பேர் பெற்ற ஆட்டக்காரர்கள் எல்லாம் ஆரம்பத்தில் கொஞ்சம் ஆடிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார்கள். களத்தில் ஓடிக்கொண்டிருந்தது அடுத்த வாரம் சீட்டுக் கிழியப் போகிற பையன்கள். டீம் மூன்று பாயிண்ட் முன்னால் இருந்தது.

காஸ் இடது தோளைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்தான். "நான் கெளம்பறேன் நார்பி. தோள்பட்டை என்னமோ பண்ணுது."

"நம்பர் சொல்லிட்டுக் கெளம்பு."

"ஏழு."

"இந்தக் கதையெல்லாம் வேணாம். முப்பது வருஷமா ஏழு. இந்த வருஷம் நெஜமான நம்பர் சொல்லாம உன்னை எழுந்திரிக்க விட மாட்டேன்."

"வேர்க்குதுடா. வீட்டுக்குப் போறேன்."

"ஆகஸ்ட்ல வேர்க்காம பனியா கொட்டும்? நம்பரைச் சொல்லு."

காஸ் கண்ணை மூடிக்கொண்டான். "நீயே வெச்சுக்கோ. பதினாலு. போதுமா? விடு, நான் வீட்டுக்குப் போறேன்."

நார்பர்ட்டுக்குத் தலைகால் புரியவில்லை. மாடிப்படிப் பக்கம் திரும்பி, "டேய், காஸ் பதினாலுன்னுட்டான்டா!" என்று கத்தினான். பின்கட்டிலிருந்து ஊளைச் சத்தம் பதிலாக வந்தது. காஸ் நாற்காலிக் கையை ஊன்றி எழப் பார்த்தான். நார்பர்ட் சிரித்துக்கொண்டே அவன் தோளில், வலிக்கிறது என்று சொன்ன அதே தோளில், கை வைத்து அழுத்தி உட்கார வைத்தான்.

"பதினாலு சொல்லிட்டு இப்ப எழுந்தா எப்படி? நாம முன்னால இருக்கோம். ஜெயிச்சுட்டு இருக்கும்போது சீட்ட மாத்தினா வருஷம் பூரா வெளங்காது, உனக்குத் தெரியாதா? முடியற வரைக்கும் உக்காரு."

காஸ் உட்கார்ந்தான். அண்ணனாக இருந்தும் தம்பி சொன்னால் கேட்டுக்கொள்கிறவன், சின்ன வயசிலிருந்தே அப்படி. நார்பர்ட் திரையைப் பார்த்தான். ஆட்டம் முடிந்து திரும்பியபோது காஸ் தூங்குகிற மாதிரி இருந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், வலி இருப்பதாக ஏதாவது சொன்னாரா என்று. பக்கத்தில் லொரேன் நின்றுகொண்டிருந்தாள், வீட்டுச் செருப்போடு ஓடி வந்திருந்தாள். "ஒண்ணும் சொல்லல" என்று வந்துவிட்டது நார்பர்ட்டின் வாயில். யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் சொன்ன பிறகு அதை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியவில்லை. நாலு நாளாக அந்த ஒரு வார்த்தையின் மேல்தான் நின்றுகொண்டிருந்தான்.

அதோடு போயிருந்தால்கூட அவன் விழுங்கியிருப்பான். ஆனால் லொரேன் தானாக ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

இப்போதும் முன்வரிசையில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளோடு பந்துருட்டிக் கட்டை சாய்க்கும் பவுலிங் ஆடுகிற ஒரு தோழி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"காலையில நான்தான் சொன்னேன். கீழ கெடந்த ஏசியை மாடிக்குக் கொண்டுபோய் ஜன்னல்ல மாட்டுங்கன்னு. அப்புறம் செய்யறேன்னாரு. நான் விடல. என்னால ராத்திரி தூங்க முடியலன்னு கத்தினேன். தனியாத் தூக்கிட்டுப் போனாரு. படியில பாதியில நின்னு மூச்சு வாங்கினதைக் கேட்டேன். கேட்டுட்டு சமையல்கட்டுல சும்மாதான் நின்னேன்."

"நீ என்னடி பண்ணுவ, யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும். முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்தவளுக்குத் தெரிய வேணாமா? ஒரு ஏசிக்காக அவரைக் கொன்னுட்டேன்."

இதே வார்த்தைகள், இதே வரிசையில். நேற்று வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள். ஃபாதரிடம் பாவ சங்கீர்த்தனத்தில் சொன்னதாகவும் கேள்வி. அவள் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் நார்பர்ட் தலையைக் குனிந்துகொள்வான். துக்கம் தாங்காமல் குனிகிறான் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

ஈமக்கூடத்து மனிதர் வந்து மெதுவாகக் கைகளைக் கோத்தார். "பெட்டியை மூடற நேரம். குடும்பத்தார் மட்டும் கொஞ்ச நேரம் இருக்கலாம். மத்தவங்க வெளியில கார்ல ஏறலாம்."

பிள்ளை குட்டி இல்லாத வீடு. குடும்பத்தார் என்றால் லொரேனும் நார்பர்ட்டும்தான். மெல் போகிற போக்கில் பெட்டியைத் தட்டி, "பதினாலு, காஸ். மேலேருந்து பாத்துக்கோ" என்றான். கதவு மூடிக்கொண்டது.

லொரேன் பெட்டியருகே வந்து நின்றாள். நெஞ்சின் மேலிருந்த தொப்பியைப் பார்த்தாள். எடுத்து எறிவாள் என்று நார்பர்ட் எதிர்பார்த்தான். அவள் அதன் நுனியைக் கொஞ்சம் நேராக்கினாள்.

"உனக்கு நான் நன்றி சொல்லவே இல்ல நார்பி" என்றாள். "ஆஸ்பத்திரியில ஒயருக்கு நடுவுல சாகல. பிடிச்ச இடத்துல, பிடிச்ச ஆட்டத்தைப் பாத்துக்கிட்டு, நீ பக்கத்துல இருக்கும்போது போனாரு. நான் பண்ணின பாவத்துக்கு அதுவாவது மிச்சம்."

"லொரேன், அப்படிச் சொல்லாதீங்க."

"நெஜத்தைத்தானே சொல்றேன். அந்த ஏசியைக் கழட்டித் தெருவுல போட்டுட்டேன். இருந்தாலும் அந்த ரூமுக்குள்ள என்னால போக முடியல. சோபாவுலதான் படுக்கறேன். செத்துப்போற வரைக்கும் சோபாவுலதான் படுக்கணும் போல."

நார்பர்ட் பெட்டியைப் பார்த்தான். சொன்னால் இவளும் போய்விடுவாள். அண்ணன் போன வீட்டில் மிச்சமிருக்கிற ஒரே ஆள். நன்றி நாள் விருந்துக்கும் கிறிஸ்மஸுக்கும் தன் பெயரைச் சொல்லித் தட்டு வைக்கிற ஒரே ஆள். சொல்லாவிட்டால் அவள் சோபாவில் படுத்துக்கொண்டிருப்பாள், தான் ஹாலில் எழுந்து நின்று பதினாலைப் பற்றிப் பேசுவான், எல்லோரும் கைதட்டுவார்கள். அவனுக்கு அருவருப்பாக இருந்தது. தன்மேல்தான்.

"ஏசியால இல்ல" என்றான்.

அவள் திரும்பவில்லை. "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"இல்ல லொரேன். கேளுங்க. அவன் சொன்னான். தோள்பட்டை வலிக்குதுன்னு சொன்னான். வேர்க்குதுன்னு சொன்னான். டாக்டர்கிட்ட நான் பொய் சொல்லிட்டேன்."

இப்போது அவள் திரும்பினாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை, பாதி காதில் விழாதவள் மாதிரி நின்றாள்.

"எப்ப?"

"கடைசி கால் பாகத்துல. முடியறதுக்கு ரொம்ப முன்னாலயே."

"சொல்லிட்டு?"

"வீட்டுக்குப் போறேன்னான்."

"வீட்டுக்கா?"

"ஆமா. ரெண்டு தடவ சொன்னான்."

லொரேனின் கை பெட்டி விளிம்பைப் பிடித்தது. "நீ என்ன சொன்ன?"

"நம்பர் சொன்னாத்தான் விடுவேன்னு சொன்னேன். தொல்லை தாங்காமத்தான் பதினாலுன்னான். நம்பிச் சொல்லல. அப்பவும் நான் விடல. ஜெயிச்சுட்டு இருக்கோம், சீட்ட விட்டு எழுந்திரிக்கக் கூடாதுன்னு..." அவன் தன் கையைப் பார்த்தான். "தோளைப் பிடிச்சு உக்கார வெச்சேன் லொரேன். நான்தான் உக்கார வெச்சேன். அவன் எழப் பாத்தான். ஒரு பத்து தெரு தள்ளி ஆஸ்பத்திரி. நான் விளையாட்டுக்குச் செஞ்சேன்."

சுவரோரம் வைத்திருந்த மலர்வளையங்களிலிருந்து லில்லி வாசனை திணறத் திணற வந்தது. கதவுக்கு அப்பால் ரூடியின் குரல் கேட்டது, கிளீவ்லாந்து ஆட்டத்தைப் பற்றி யாரிடமோ வாதாடிக்கொண்டிருந்தான். அவள் அடிக்கட்டும், துப்பட்டும், வெளியே போ என்று சொல்லட்டும் என்று நார்பர்ட் காத்திருந்தான். ஏதாவது ஒன்று நடந்தால் தேவலை என்று இருந்தது.

"ஜெயிச்சாங்களா?" என்று கேட்டாள் லொரேன்.

அவனுக்கு முதலில் புரியவில்லை.

"அந்த ஆட்டம். ஜெயிச்சாங்களா?"

"ஜெயிச்சாங்க" என்றான். "மூணு பாயிண்ட்ல."

"அது கணக்குல வருமா?"

"வராது."

அவள் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டாள். காஸின் பக்கம் திரும்பி, அவன் டை முடிச்சை இறுக்கினாள், பிறகு என்ன தோன்றியதோ, கொஞ்சம் தளர்த்திவிட்டாள். ஈமக்கூடத்து மனிதர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அவள் அவரிடம் தலையசைத்துவிட்டு, நார்பர்ட்டைத் தாண்டி, அவன் மேல் உடையின் காற்றுகூடப் படாத தூரத்தில் நடந்து வெளியே போனாள்.

பெட்டியைச் சுமந்தார்கள். முன்னால் இடது பிடி நார்பர்ட்டுக்கு. அதைப் பிடிக்கத் தனக்கு என்ன யோக்கியதை என்று நினைத்துக்கொண்டேதான் தூக்கினான். படியில் மெல், "பாத்துடா, பாத்து" என்று சொல்லிக்கொண்டே வந்தான். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. சவ வண்டியில் பெட்டியை ஏற்றிக் கதவைச் சாத்தியதும், மெல் அவன் காதருகே குனிந்து, "ஹால்ல பேசறதை யோசிச்சு வெச்சுக்கோ. நெறைய வேணாம். அந்த நம்பர் ஒண்ணு போதும்" என்றான்.

"பேசறேன்" என்றான் நார்பர்ட். "ஆனா நீ கேக்க நெனைக்கறதைப் பேசப்போறதில்ல, மெல்."

மெல்லுக்கு ஒன்றும் விளங்கவில்லை. துக்கத்தில் உளறுகிறான் என்று நினைத்து முதுகைத் தடவிவிட்டுத் தன் வண்டிக்குப் போனான்.

சவ வண்டிக்குப் பின்னால் குடும்பத்தாருக்கான நீளக் கறுப்புக் கார் நின்றது. அதற்குப் பின்னால் பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர் வண்டிகள், பாதிக்கு மேல் ஜன்னலில் டீம் கொடியோடு. ஓட்டுநர் காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். லொரேன் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் அவளுடைய கறுப்புக் கைப்பை இருந்தது. பெரிய பை, இருக்கை முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது.

நார்பர்ட் திறந்த கதவருகே போய் நின்றான். நடந்தே சர்ச்சுக்குப் போய்விடலாமா என்று பார்த்தான். ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் யாரோ ஒரு முறை, மிக மெதுவாக, ஹாரன் அடித்தார்கள். லொரேன் முன்னால் நின்ற சவ வண்டியின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, அவன் பக்கம் திரும்பாமலேயே, கையை நீட்டிப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.